நடந்து போகும்போது வண்டி மோதினால்: இழப்பீடு கேட்பது எப்படி? எதை, எப்போது செய்ய வேண்டும்?

இரவு எட்டு மணி. பெங்களூரு அவுட்டர் ரிங் ரோடு. ஆபீஸ் கேப் உங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. நடைபாதை இருந்த இடத்தில் ஜல்லிக் குவியல். அதைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்கி நாலு அடி நடக்கிறீர்கள். பின்னாலிருந்து ஒரு பைக் வந்து மோதுகிறது.

கண் திறந்தால் சுற்றிலும் பத்துப் பேர். "ஒண்ணும் ஆகல, எந்திரிங்க" என்கிறார் ஒருவர். பைக் ஓட்டி வந்த பையன் நடுங்கிக்கொண்டே இரண்டாயிரம் ரூபாயை நீட்டுகிறான். "போலீஸ், கோர்ட்டுனு போனா உங்களுக்குத்தான் அலைச்சல்" என்று இன்னொருவர் அறிவுரை சொல்கிறார். நீங்களும் தலையாட்டிவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போகிறீர்கள். மறுநாள் எக்ஸ்ரே எடுத்தால், முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. பைக் நம்பர் உங்களிடம் இல்லை.

இது கற்பனைக் காட்சி. ஆனால் இந்தியாவில் யாருக்கு வேண்டுமானாலும் நடக்கக்கூடியது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். அதாவது ஒரு நாளைக்குச் சராசரியாக 90 பேர். இது இறந்தவர்கள் கணக்கு மட்டும்தான். கால் உடைந்தவர்கள், இடுப்பில் பிளேட் வைத்தவர்கள், வேலையை விட்டவர்கள் இதில் இல்லை.

கார், பைக் வைத்திருப்பவர்களுக்கு இன்ஷூரன்ஸ் என்றால் என்ன என்று ஓரளவு தெரியும். நடந்து போகிறவர்களில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. அந்த வண்டியின் 'தேர்ட் பார்ட்டி' இன்ஷூரன்ஸ் என்பதே உங்களுக்காக எடுக்கப்பட்டதுதான். அந்த 'மூன்றாம் நபர்' நீங்கள்தான்.

யாரிடம் கேட்பது? பையனிடமா, கம்பெனியிடமா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 146-ன்படி சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். எனவே ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டு நிறுவனம் என மூன்று தரப்பையும் சேர்த்துத்தான் வழக்கு போடுவார்கள். பணம் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனத்திடமிருந்துதான் வரும். 'பாவம், டெலிவரி பண்ற பையன், அவன்கிட்ட என்ன கேட்கிறது' என்று நினைத்து ஒதுங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நீங்கள் கேட்பது அவன் சம்பளத்தை அல்ல, அந்த வண்டிக்கு ஏற்கெனவே பிரீமியம் கட்டப்பட்ட ஒரு பாதுகாப்பை.

ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்றால்? முதலில் காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்குப் பணத்தைக் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிடும் வழக்கம் நீதிமன்றங்களில் இருக்கிறது. வண்டிக்கு இன்ஷூரன்ஸே இல்லை என்றால் உரிமையாளர்தான் கொடுக்க வேண்டும். அங்கேதான் வசூலிப்பது கஷ்டமாகும். அதனால் வண்டி நம்பர் கிடைத்த உடனே எம்-பரிவாகன் செயலியில் போட்டு, இன்ஷூரன்ஸ் செல்லுபடியாகிறதா என்று பார்த்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஒரு விதிவிலக்கு: மணிக்கு 25 கி.மீ.க்கு மேல் போகாத, 250 வாட்டுக்குக் குறைந்த திறனுள்ள எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்கள் சட்டப்படி 'மோட்டார் வாகனம்' ஆகாது. பதிவு எண்ணும் இருக்காது, இன்ஷூரன்ஸும் இருக்காது. அது மோதினால் கீழே சொல்லும் தீர்ப்பாய வழி பொருந்தாது. உரிமையியல் நீதிமன்றம்தான் போக வேண்டும்.

முதல் மணி நேரம், முதல் வாரம்: என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை சிகிச்சை. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கான ரொக்கமில்லா சிகிச்சைத் திட்டம் 2025 மே மாதம் அமலுக்கு வந்தது. மோட்டார் வாகனத்தால் விபத்துக்குள்ளான எவருக்கும், விபத்து நடந்த நாளிலிருந்து 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சை இதில் உண்டு. திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையாக இருக்க வேண்டும். சேராத மருத்துவமனை என்றால், உயிரைக் காக்கும் அவசர சிகிச்சைக்கு மட்டும் கிடைக்கும். 112-ஐ அழைக்கும்போதே இதைக் கேளுங்கள்.

உங்களைத் தூக்கிக்கொண்டு போகிறவர் 'நமக்கு எதுக்கு வம்பு' என்று பயந்தால், அவரிடம் ஒன்றைச் சொல்லுங்கள். சட்டத்தின் 134ஏ பிரிவு உதவி செய்பவரைப் பாதுகாக்கிறது. அவர் விரும்பாவிட்டால் பெயர், முகவரியைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது ஆவணங்கள். வழக்கின் பலம் முதல் சில நாட்களில் சேரும் காகிதங்களில்தான் இருக்கிறது.

• மருத்துவமனைப் பதிவு: 'சாலை விபத்து, நடந்து செல்லும்போது பைக் மோதியது' என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டில் அப்படியே ஏற வேண்டும். 'கீழே விழுந்துட்டேன்' என்று சொல்லிவிட்டால், ஒரு வருடம் கழித்து எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் தூக்கிக் காட்டுவார்.

• எஃப்.ஐ.ஆர்.: எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை வேறு என்றால் அவர்கள் உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். நகல் இலவசம். நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் குடும்பத்தினரோ, பார்த்தவரோ கொடுக்கலாம். தாமதமானால் ஏன் தாமதம் என்பதைப் புகாரிலேயே எழுதுங்கள்.

• சிசிடிவி: கடைகளில் இருக்கும் பதிவுகள் சில நாட்களில் தானாக அழிந்து, மேலே புதிய பதிவு ஏறிவிடும். கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கூடவே, பதிவைக் கைப்பற்றச் சொல்லிக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கொடுங்கள்.

• இடத்தின் படங்கள்: நடைபாதை ஆக்கிரமிப்பு, எரியாத தெரு விளக்கு, ஜீப்ரா கிராசிங் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என எல்லாவற்றையும் நண்பர் ஒருவரை அனுப்பிப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.

• பில்கள்: ஆஸ்பத்திரி பில் மட்டுமல்ல. மருந்துக் கடை ரசீது, பிசியோதெரபி, வாக்கர், செக்-அப்புக்குப் போன ஆட்டோ, வீட்டில் வைத்த ஆயா சம்பளம் எல்லாமே கணக்கில் வரும்.

• வேலைப் பதிவுகள்: சம்பளச் சீட்டு, படிவம் 16, வருமான வரிக் கணக்கு, ஹெச்.ஆரிடமிருந்து லீவ் விவரக் கடிதம்.

கம்பெனி கொடுக்கும் குரூப் இன்ஷூரன்ஸில் சிகிச்சை எடுத்தால், ஒரிஜினல் பில்களை அவர்கள் வாங்கிக்கொள்வார்கள். கொடுப்பதற்கு முன் மருத்துவமனை முத்திரையுடன் நகல் வாங்கிக்கோங்க. மெடிக்ளெய்மில் வந்த தொகையை விபத்து இழப்பீட்டிலிருந்து கழிக்கக் கூடாது என்று 2025 மார்ச்சில் மும்பை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்தது. ஆனால் எல்லா நீதிமன்றங்களும் இதே பார்வையில் இல்லை. எனவே இதை உங்கள் வக்கீலிடம் முதல் சந்திப்பிலேயே கேளுங்கள்.

போலீஸ் தரப்பில் என்ன நடக்க வேண்டும்?

2022 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள விதிகள் போலீஸுக்கு ஒரு காலக்கெடு அட்டவணையே போட்டுக் கொடுத்திருக்கின்றன. விபத்து பற்றித் தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கை. 10 நாட்களுக்குள் உங்கள் உரிமைகளை விளக்கும் படிவம் உங்கள் கைக்கு வர வேண்டும். 50 நாட்களில் இடைக்கால அறிக்கை. 90 நாட்களில் விரிவான விபத்து அறிக்கை. இந்த விரிவான அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு. 2022 டிசம்பரில் கோஹர் முகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் இவற்றைக் கறாராகப் பின்பற்றச் சொன்னது.

விபத்து விவரங்களைப் பதிவேற்றும் தேசியத் தரவுத்தளத்தை உருவாக்கியது சென்னை ஐ.ஐ.டி. ஆக, ஏட்டளவில் நாம் காவல் நிலையப் படி ஏறாமலேயே எல்லாம் நடக்க வேண்டும். நடைமுறையில் அதை நம்பிச் சும்மா இருக்காதீங்க. உங்களுக்கு வர வேண்டிய படிவம் 10 நாளில் வரவில்லை என்றால், விசாரணை அதிகாரியைக் கேளுங்கள். 'விதிப்படி எனக்கு முதல் விபத்து அறிக்கையின் நகல் வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தாலே பல விஷயங்கள் நகரும்.

மூன்று கதவுகள்: எது உங்களுக்கு?

சட்டத்தில் இழப்பீட்டுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துத் தொகை பல மடங்கு மாறும்.

முதல் கதவு, பிரிவு 164: யார் மீது தப்பு என்று நிரூபிக்கவே தேவையில்லை. மரணம் என்றால் 5 லட்சம், கொடுங்காயம் என்றால் 2.5 லட்சம் ரூபாய். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம்தான். வேகமாக முடியும், ஆனால் தொகை நிலையானது. இதில் பணம் வாங்கிவிட்டால் அடுத்த கதவு மூடிவிடும்.

இரண்டாவது கதவு, பிரிவு 166: ஓட்டியவரின் கவனக்குறைவை நிரூபித்து, உங்களுக்கு உண்மையில் ஏற்பட்ட இழப்பு முழுவதையும் கேட்பது. உச்ச வரம்பு கிடையாது. இதை விசாரிப்பது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். கிரிமினல் வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. 'இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம்' என்று காட்டினால் போதும்.

மூன்றாவது கதவு, பிரிவு 161: மோதிய வண்டி எது என்றே தெரியாத ஹிட் அண்ட் ரன் விபத்துகளுக்கு. மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய். இதைப் பற்றிக் கீழே தனியாகப் பார்ப்போம்.

வேலை பார்க்கும் வயதில், நிரந்தர பாதிப்புடன் இருக்கும் ஒருவருக்கு இரண்டாவது கதவுதான் பெரும்பாலும் சரியானது. ஏன் என்று கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

உங்களுக்கு வயது 29 என்று வைத்துக்கொள்வோம். வரி போகக் கையில் வரும் சம்பளம் மாதம் 50,000 ரூபாய், நிரந்தர வேலை. சிகிச்சைச் செலவு 3,20,000 ரூபாய். நான்கு மாதம் சம்பளம் இல்லாத விடுப்பு. இந்தக் காயத்தால் உங்கள் சம்பாதிக்கும் திறன் 10 சதவீதம் குறைந்ததாகத் தீர்ப்பாயம் முடிவு செய்கிறது.

1. சிகிச்சைச் செலவு: 3,20,000 ரூபாய்.

2. நான்கு மாத வருமான இழப்பு: 4 × 50,000 = 2,00,000 ரூபாய்.

3. எதிர்கால வருமான இழப்பு: ஆண்டு வருமானம் 6,00,000. உங்கள் சம்பளம் இப்படியே நிற்கப்போவதில்லை. அதனால் 2017-ன் பிரணய் சேத்தி தீர்ப்புப்படி, 40 வயதுக்குக் குறைந்த நிரந்தர ஊழியருக்கு 50 சதவீதம் கூட்ட வேண்டும். ஆக 9,00,000. அதில் 10 சதவீதம் 90,000. இதை வயதுக்கான 'பெருக்கல் எண்'ணால் பெருக்க வேண்டும். 2009-ன் சர்ளா வர்மா தீர்ப்பு இந்த எண்களை நிர்ணயித்தது. 26 முதல் 30 வயதுக்கு 17. எனவே 90,000 × 17 = 15,30,000 ரூபாய்.

மூன்றையும் கூட்டினால் 20,50,000 ரூபாய். இதன் மேல் வலி, வேதனை, வாழ்க்கை வசதி இழப்பு, இனி தேவைப்படும் சிகிச்சை (உள்ளே வைத்த பிளேட்டை எடுக்கும் ஆபரேஷன் உட்பட), உதவியாளர் செலவு, சத்துணவு, போக்குவரத்து எனத் தனித்தனியாகச் சேரும். மனு தாக்கல் செய்த நாளிலிருந்து வட்டியும் உண்டு. முதல் கதவின் 2.5 லட்சத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

சொந்தத் தொழில், ஃப்ரீலான்ஸ் அல்லது நிலையான சம்பளம் என்றால், 40 வயதுக்குள் 50-க்குப் பதில் 40 சதவீதம் கூட்டுவார்கள். அப்போது மூன்றாவது வரி 14,28,000 ஆகும். காயம்பட்டவர்களுக்கும் இந்த எதிர்கால உயர்வு பொருந்தும் என்பதை 2020-ல் பப்பு தேவ் யாதவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

'ஊனம் 30 சதவீதம்' என்றால் இழப்பும் 30 சதவீதமா?

இல்லை. பலர் ஏமாறும் இடம் இது. டாக்டர் கொடுக்கும் சான்றிதழில் இருப்பது உடல் ஊனத்தின் அளவு. தீர்ப்பாயம் பார்ப்பது, அதனால் *உங்கள் வேலைக்கு* எவ்வளவு பாதிப்பு என்பதை. 2010-ல் ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன உதாரணம் எளிமையானது: இடது கையை இழந்தால் ஒரு டிரைவருக்கோ தச்சருக்கோ சம்பாதிக்கும் திறன் கிட்டத்தட்ட முழுசாகப் போய்விடும், அதே இழப்பு ஓர் அரசு எழுத்தருக்கு நேர்ந்தால் அவர் வேலையில் தொடரலாம்.

இது ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு இரு பக்கமும் வெட்டும் கத்தி. 'இவர் லேப்டாப்பில்தானே வேலை செய்கிறார், கால் போனால் என்ன' என்று எதிர்த்தரப்பு வாதிடும். அதற்குப் பதில் உங்களிடம் ஆவணமாக இருக்க வேண்டும். வாடிக்கையாளர் இடத்துக்குப் போக முடியாமல் புராஜெக்ட் மாற்றப்பட்டது, இரவு ஷிஃப்ட் நிறுத்தப்பட்டது, புரமோஷன் தள்ளிப்போனது போன்றவற்றுக்கு மின்னஞ்சல் ஆதாரம் இருந்தால் எடுத்து வையுங்கள்.

'குறுக்கே ஓடி வந்தாங்க'

காப்பீட்டு நிறுவனத்தின் முதல் தற்காப்பு பெரும்பாலும் இதுதான். சிக்னல் மீறிக் கடந்தீர்கள், போன் பார்த்துக்கொண்டு நடந்தீர்கள் என்று தீர்ப்பாயம் நம்பினால், உங்கள் பங்குத் தவறின் அளவுக்குத் தொகை குறையும். மேலே சொன்ன கணக்கில் உங்கள் தவறு 20 சதவீதம் என்று வைத்தால், 20.5 லட்சம் 16.4 லட்சமாகிவிடும். ஆனால், ஜீப்ரா கிராசிங் இல்லாத இடத்தில் கடந்தீர்கள் என்பதற்காக மட்டும் வழக்கு செத்துவிடாது. நடைபாதையே இல்லாததால் சாலையில் நடந்தீர்கள் என்றால் அதைச் சொல்லுங்கள். நடைபாதை கிடைப்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. முதல் நாள் எடுத்த அந்த ஜல்லிக் குவியல் படம் இங்கேதான் உதவும்.

6 மாதக் கெடு: காலண்டரில் குறித்து வையுங்கள்

1994-க்குப் பிறகு பல வருடம் இந்த வழக்குகளுக்குக் காலவரம்பே இல்லாமல் இருந்தது. 'எப்ப வேணா போடலாம்' என்று ஊரில் பெரியவர்கள் சொல்வது அந்தக் காலத்து நினைவு. 2019 திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் இதை மாற்றிவிட்டது. இப்போது விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் பிரிவு 166 மனு தாக்கல் செய்ய வேண்டும்.

இந்தக் கெடு செல்லுமா என்பதே உச்ச நீதிமன்றத்தில் வழக்காக இருக்கிறது. அது முடியும்வரை, காலம் கடந்தது என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு வந்தது. கெடு தாண்டியவர்களுக்கு இது ஒரு மூச்சு விடும் இடைவெளி. ஆனால் இடைக்கால உத்தரவை நம்பி யாரும் தாமதிக்கக் கூடாது. சிகிச்சை முடியும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மனுவை முதலில் போட்டுவிட்டு, பில்களையும் ஊனச் சான்றிதழையும் விசாரணையின்போது சேர்க்கலாம்.

பெங்களூருவில் விபத்து, வீடு திருநெல்வேலியில். எங்கே வழக்கு போடுவது?

வெளியூரில் வேலை பார்க்கும் நமக்குச் சட்டம் செய்து கொடுத்திருக்கும் பெரிய வசதி இது. விபத்து நடந்த இடம், நீங்கள் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடம், எதிர்த்தரப்பு வசிக்கும் இடம் என மூன்றில் எதுவும் உங்கள் விருப்பம். எனவே ஆறு மாதம் ஊரில் அம்மா வீட்டில் படுத்திருக்கும் நிலை என்றால், அங்கேயே வழக்கு போட முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். தமிழ்நாட்டில் இந்த மனுவுக்கு எம்.சி.ஓ.பி. என்று நம்பர் விழும், கர்நாடகாவில் எம்.வி.சி.

வக்கீல் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. 'முன்பணம் வேண்டாம், வர்றதுல இருபத்தஞ்சு பர்சன்ட் கொடுங்க' என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே சிலர் வருவார்கள். இழப்பீட்டில் பங்கு கேட்பதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. கட்டணத்தை எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். வெற்றுத் தாளிலோ, நிரப்பாத காசோலையிலோ கையெழுத்துப் போடவே வேண்டாம். பெண்கள், தொழிலாளர்கள், குறைந்த வருமானம் உள்ளவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்கலாம்.

நடுவில் காப்பீட்டு நிறுவனம் சமரசத் தொகை சொல்லலாம். விபத்துத் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் அவர்கள் ஒரு தொகையை முன்வைக்க வேண்டும் என்றே சட்டம் சொல்கிறது. லோக் அதாலத்திலும் பேசலாம். தப்பில்லை. ஆனால் மேலே போட்ட கணக்கை உங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பார்க்காமல் தலையாட்டாதீர்கள். தீர்ப்பாயத்தின் முடிவு பிடிக்கவில்லை என்றால் 90 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். சர்ச்சைக்குரிய தொகை ஒரு லட்சத்துக்குக் குறைவு என்றால் முடியாது.

மோதிவிட்டு ஓடிவிட்டால்?

இந்தக் கட்டுரைக்காகத் தரவுகளைப் பார்த்தபோது என்னை நிறுத்திய எண்கள் இவைதான். 2022-ல் நாட்டில் நடந்த ஹிட் அண்ட் ரன் விபத்துகள் 67,387. அவற்றில் இறந்தவர்கள் 30,486 பேர். 2022-23 நிதியாண்டில் ஹிட் அண்ட் ரன் இழப்பீடு கேட்டு வந்த விண்ணப்பங்கள் எத்தனை தெரியுமா? 205.

ஒன்று காலண்டர் ஆண்டு, மற்றது நிதியாண்டு. அதனால் துல்லியமான சதவீதம் போடக் கூடாது. ஆனாலும் இடைவெளி எவ்வளவு பெரியது என்பது தெரிகிறது. இறப்புகளை மட்டும் எடுத்தாலே, ஏறக்குறைய 150 இறப்புக்கு ஒரு விண்ணப்பம். பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, ஆனால் கேட்க ஆள் இல்லை.

இந்த 205 என்ற எண் வெளிச்சத்துக்கு வந்தது, கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவ நிபுணர் எஸ்.ராஜசேகரன் 2012-ல் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2024 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவில். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் வண்டி எது என்று தெரியாவிட்டால், இப்படி ஒரு திட்டம் இருப்பதைப் பாதிக்கப்பட்டவருக்கோ குடும்பத்துக்கோ போலீஸ் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று அந்த உத்தரவு சொல்கிறது.

வழிமுறை எளிது. கோர்ட் தேவையில்லை. விபத்து நடந்த பகுதியின் கோட்டாட்சியர் அல்லது தாசில்தாரிடம் விண்ணப்பப் படிவம், எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவ ஆவணம் அல்லது பிரேதப் பரிசோதனை அறிக்கை, அடையாளச் சான்று, வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றைக் கொடுக்க வேண்டும். அவர் ஒரு மாதத்தில் அறிக்கை அனுப்ப வேண்டும். மாவட்ட ஆட்சியர் 15 நாளில் ஒப்புதல் தர வேண்டும். அதன்பின் 15 நாளில் பொதுக் காப்பீட்டுக் கவுன்சில் பணத்தை வங்கிக் கணக்கில் போட வேண்டும். பின்னால் வண்டி பிடிபட்டு வேறு வழியில் இழப்பீடு வந்தால், இந்தத் தொகை அதில் கழிக்கப்படும்.

மோதியது வண்டியே இல்லை, குழி என்றால்?

மூடாத சாக்கடையிலோ சாலைப் பள்ளத்திலோ விழுந்தால் அது தீர்ப்பாயத்தின் வேலை அல்ல. மாநகராட்சியோ சாலையைப் பராமரிக்கும் துறையோதான் பொறுப்பு. மும்பை உயர் நீதிமன்றம் 2025 அக்டோபரில், இப்படி நடக்கும் மரணத்துக்கு 6 லட்சம், காயத்துக்கு 50,000 முதல் 2.5 லட்சம் ரூபாய் வரை கொடுக்க உத்தரவிட்டது. அது மகாராஷ்டிராவுக்கான உத்தரவு. மற்ற மாநிலங்களில் உயர் நீதிமன்றத்தையோ உரிமையியல் நீதிமன்றத்தையோ தனியாக அணுக வேண்டியிருக்கும்.

இது உங்களுக்கு மட்டுமான கட்டுரை இல்லை

உங்களுக்கு எதுவும் நடக்காமல் இருக்கலாம். ஆனால் ஊரில் அப்பா தினமும் காலையில் இருட்டோடு வாக்கிங் போகிறார். அம்மா பால் வாங்க ஹைவேயைக் கடக்கிறார். அவர்களுக்கு ஏதாவது என்றால் இந்தக் காகிதங்களோடு ஓடப்போவது நீங்கள்தான்.

அப்போது யாராவது 'அம்மா ஹவுஸ்வைஃப்தானே, என்ன வருமான இழப்பு' என்று கேட்டால் பதில் இருக்கிறது. வீட்டு வேலைக்குப் பொருளாதார மதிப்பு உண்டு, இல்லத்தரசிக்கும் உத்தேச வருமானம் நிர்ணயித்து இழப்பீடு கணக்கிட வேண்டும் என்று 2021-ல் கீர்த்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இன்றைக்கு வீட்டுக்குப் போன் பண்ணும்போது இரண்டே விஷயம் சொல்லுங்கள். ஒன்று, எது நடந்தாலும் அங்கேயே காசு வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டாம். இரண்டு, முதலில் வண்டி நம்பரைப் படம் எடுக்கச் சொல்ல வேண்டும். அந்த ஒரு படம் இருந்தால் மூன்று கதவுகளில் பெரியது திறக்கும். இல்லை என்றால் 50,000 ரூபாய்க் கதவுதான். அதையும் தட்டுகிறவர்கள் மிகக் குறைவு என்பதைத்தான் மேலே பார்த்தோம்.